படத்தைப் பாதியில் அணைத்துவிடும் வாசகிக்கு

கேள்வி: எனக்கு 36 வயது. வீரவநல்லூர் பக்கம். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர், ஒரு மகள். 2006 முதல் 2009 வரை பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. கணிதம் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். சில மாதங்களுக்கு முன் கல்லூரி வாழ்க்கையைப் பற்றிய ஒரு படம் பார்த்தேன். அடிதடி, குத்துப்பாட்டு ஒன்றும் இல்லாத நிதானமான படம். அதில் ஒரு பையன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு டிரங்குப் பெட்டியோடு ஹாஸ்டலைவிட்டுப் போவான். கதாநாயகன் மாடி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான், இறங்கி வர மாட்டான். அந்த இடத்தில் அழ ஆரம்பித்தவள்தான். இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள், மகள் தூங்கியபின் போனில் அந்தப் படத்தைப் போட்டு, பெட்டியோடு போகும் காட்சி வரை பார்த்து, அழுது, அணைத்துவிட்டுப் படுக்கிறேன். நல்ல தூக்கம் வருகிறது. "இன்னைக்கும் காலேஜுக்குப் போயாச்சா?" என்று கணவர் கேலி செய்கிறார்.

என் ரூம்மேட் ராதாபுரம் பக்கத்துப் பெண். இரண்டாம் வருடக் கடைசியில் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துப் படிப்பை நிறுத்திவிட்டார்கள். கிளம்புவதற்கு முன் என்னிடம், "ஏ பிள்ள, எங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா அப்பா கேப்பாவ" என்றாள். செமஸ்டர் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஊருக்குப் போய் ஓர் இன்லேண்ட் லெட்டர் போட்டாள், பதில் எழுதவில்லை. பத்திரிகை வந்தது, கல்யாணத்துக்குப் போகவில்லை. அவள் விட்டுப் போன ரியல் அனாலிசிஸ் நோட்டை வைத்துத்தான் அந்தப் பேப்பரை நான் பாஸ் செய்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மனநோயா? சினிமா பார்த்து அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதா? அவளைத் தேடிப் போகலாமா?

– பெயர் வேண்டாம்

பதில்:

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். இது மனநோய் இல்லை. பார்த்த படத்தையே திரும்பப் பார்க்கும்போது அடுத்து என்ன வரும் என்று மனசுக்குத் தெரியும், பதற்றப்பட ஒன்றுமில்லை. பகல் முழுக்க ஐம்பது பிள்ளைகளையும், சாயங்காலம் வீட்டையும் கட்டி மேய்த்துவிட்டு வருகிறவருக்கு, எங்கே அழ வேண்டும் என்பதுகூட முன்கூட்டியே தெரிந்த ஒரு மணி நேரம் கிடைப்பது பெரிய ஆறுதல்தான். படுக்கையில் போன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டாம், கண் அசந்துபோகும், தூக்கமும் கெடலாம். அதைத் தவிர இந்தப் பழக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பழைய நாட்களை நினைத்து ஏங்குவதை ஒரு காலத்தில் வைத்தியர்களே வியாதி என்றுதான் எழுதி வைத்தார்கள். 1688-இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்தார். (பாவம், அவருக்கும் அப்போது காலேஜ் வயசுதான்.) இன்றைய உளவியல் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. தனிமையாக உணரும்போது மனம் தானாகவே பழைய நினைவுகளைத் தேடிப் போகிறது, அது பெரும்பாலும் மனிதர்களோடு நமக்கிருக்கும் பிணைப்பை ஞாபகப்படுத்தித் தெம்பு கொடுக்கிறது என்பது இப்போதைய கருத்து. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் மற்ற காலத்தைவிட அதிகமாக வந்து விழும் என்பதும் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். ஹாஸ்டல் வருடங்கள் சரியாக அந்த நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் முந்தின வருட ஆண்டு விழா மறந்துபோகிறது, 2008-இல் ரூம்மேட் சொன்ன ஒரு வரி உச்சரிப்போடு நிற்கிறது.

சரி, இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். இந்த ஆறுதல் ஏமாற்று வேலையா?

படத்தின் பெயரை எழுதியிருந்தீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். முடிவைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால், பார்க்காதவர்களுக்காகப் பெயரை இங்கே விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. நீங்கள் விவரிக்கிற படம் பெட்டிக் காட்சியோடு முடிந்துபோகிறது. உண்மையில் அது இடைவேளைக்குப் பக்கத்தில்தான் வருகிறது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் இருக்கிறது. வருடங்கள் கழித்துக் கதாநாயகன் அந்தப் பையனுடைய ஊருக்கே போகிறான். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஒரு தடவையாவது முழுப் படத்தையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த மாடி வராந்தாவில் மட்டும்தான்.

ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கண்ணீர் உண்மை, அதற்குப் பின் வரும் தூக்கமும் உண்மை. ஆனால் பாதி வேலைதான் நடக்கிறது. வராந்தாவில் நின்றுகொண்டு 'நான் போகாமல் இருந்துவிட்டேனே' என்று ஒவ்வொரு தடவையும் தீர்ப்பு எழுதி, அழுது, தண்டனையையும் அனுபவித்துவிட்டு, விளக்கை அணைத்துவிடுகிறீர்கள். வழக்கு அன்றைக்கு முடிந்தது, மூன்றாம் நாள் திரும்பவும் அதே வழக்கு. இந்தக் கோர்ட்டில் ஒரு குறை இருக்கிறது. வாதி, பிரதிவாதி, ஜட்ஜ் எல்லாம் நீங்களே. ராதாபுரத்துப் பெண் ஒரு நாளும் ஆஜராவதில்லை.

இன்னொன்று. நம் கல்லூரிப் படங்களில் ஹாஸ்டல் என்றால் பெரும்பாலும் பையன்கள் ஹாஸ்டல்தான். மொட்டை மாடி, ராத்திரி டீக்கடை, சுவர் ஏறிக் குதித்து செகண்ட் ஷோ. பெண்கள் வந்தால் யாராவது காதலிப்பதற்காக வருவார்கள். ஆகவே உங்களைப் போன்றவர்கள் தங்கள் கதையைப் பார்க்க வேண்டுமென்றால் கதாநாயகனின் உடம்புக்குள் புகுந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் அப்படிப் பார்க்கும்போது அவனுடைய வசதிகளையும் சேர்த்து உங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள். அவனுக்கு இருந்த தடை ஒரு மாடிப்படி. இறங்கி வந்திருந்தால் வாசலில் நண்பனைப் பிடித்திருக்கலாம்.

உங்களுக்கு என்ன இருந்தது? அந்தக் காலத்துப் பாளையங்கோட்டைப் பெண்கள் விடுதி எப்படி இருந்தது என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும். இருட்டும் முன் கேட் பூட்டிவிடும். வெளியே போக வேண்டுமென்றால் வார்டனிடம் அனுமதி, அதற்கு வீட்டிலிருந்து யாராவது வந்து கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை விசிட்டர்ஸ் நேரத்தில் மரத்தடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள்தான் வெளி உலகம். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வள்ளியூர் பஸ் ஏறி, அங்கிருந்து ராதாபுரத்துக்கு மாறி, அறிமுகமில்லாத ஒரு வீட்டு வாசலில் 19 வயதுப் பெண் தனியாகப் போய் நிற்க வேண்டும். நின்று, மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்ட ஒரு தகப்பனாரிடம் "கல்யாணத்தை நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் வாக்குக் கொடுத்தபின் மாற்றுவது என்றால் சொந்த மாமாக்களும் சித்தப்பாக்களும் சொல்லியே நடக்காது. "நீ சொன்னா அப்பா கேப்பாவ" என்று உங்கள் தோழி சொன்னது அவளுடைய ஆசை. அப்பா கேட்டிருப்பார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

நீங்கள் போயிருந்தாலும் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 36 வயது டீச்சரின் தைரியத்தையும் சம்பளத்தையும் கையில் வைத்துக்கொண்டு, 19 வயது ஹாஸ்டல் பெண்ணை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது நியாயமில்லை. அந்த 19 வயதுப் பெண்ணுக்கும் தன் வீட்டை நினைத்து ஒரு பயம் இருந்திருக்கும். முதல் பட்டதாரியாகப் போகிற பெண், ஒரு பேப்பர் போனால் தன்னையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். 'செமஸ்டர் இருக்கிறது' என்று சொன்னதை வெறும் சாக்கு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்காக எல்லாவற்றையும் தள்ளுபடி செய்யவும் எனக்கு மனசில்லை. இன்லேண்ட் லெட்டருக்குப் பதில் எழுதியிருக்கலாம். அதற்கு வார்டன் கையெழுத்து தேவையில்லை. "நீ இல்லாமல் ரூம் என்னமோ மாதிரி இருக்கு, உன் நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கு" என்று இரண்டு வரி போதும். அதை நீங்கள் செய்யவில்லை. ஏன் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு ஓர் ஊகம் உண்டு. அவளுடைய நோட்டை வைத்துப் படித்துப் பாஸான கையால் அவளுக்கு ஆறுதல் எழுதக் கூசியிருக்கும். தள்ளிப் போட்டீர்கள், தள்ளிப் போனதாலேயே இன்னும் கூசியது, பத்திரிகை வந்தபோது போய் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆகிவிட்டது. பெரும்பாலான நட்புகள் சண்டை போட்டு முறிவதில்லை, இப்படி ஒரு பதில் எழுதாத கடிதத்தில் நின்றுபோகின்றன. உங்கள் பங்கு இவ்வளவுதான், ஆனால் இவ்வளவு உண்டு. கல்யாணத்தைத் தடுக்காத குற்றத்தை இறக்கி வையுங்கள். பதில் எழுதாத வருத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீங்கள் ஏதாவது செய்ய முடியும்.

தன்னைத் தானே அலசிப் பார்ப்பதில் இரண்டு வகை உண்டு. 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவது ஒன்று. எவ்வளவு நேரம் செய்தாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது, சோர்வுதான் மிஞ்சும். 'அன்று என்ன நடந்தது, எனக்கு என்ன தெரிந்திருந்தது, இப்போது என்ன செய்யலாம்' என்று விலகி நின்று கேட்பது இன்னொன்று. ஈதன் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் காட்டியிருப்பது என்னவென்றால், கசப்பான நினைவை உள்ளே நின்று திரும்ப வாழ்வதைவிட, வெளியே நிற்கும் ஒருவரைப் போலப் பார்த்தால் கொந்தளிப்பு குறைகிறது, புரிதலும் கூடுகிறது. உங்களை அந்தப் படம் தொட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் கதையையே வேறொருவன் கதையாகத் தள்ளி நின்று பார்க்க அது இடம் கொடுத்தது. பிறகு நீங்கள்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

ஆகவே இந்த வாரம் படத்துக்குப் பதில் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் தொடங்கிய எழுத்துமுறை ஒன்று இருக்கிறது: மனசை அழுத்தும் ஒரு விஷயத்தைப் பற்றி நாளுக்கு 15, 20 நிமிஷம், மூன்று நான்கு நாள் நிறுத்தாமல் எழுதுவது. எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். முதல் நாள் 'நான்' என்றே எழுதுங்கள். மறுநாளிலிருந்து 'அவள்' என்று எழுதிப் பாருங்கள். 'அந்த ஹாஸ்டலில் ஒரு வீரவநல்லூர்ப் பெண் இருந்தாள், அவள் கையில் எவ்வளவு பணம் இருந்தது, யாரைக் கண்டு பயந்தாள்' என்கிற மாதிரி. எழுதி முடித்தவுடன் மனசு இன்னும் கனமாக இருக்கும், அது வழக்கம்தான். பெரும்பாலும் சற்று நேரத்தில் தணியும். தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், கட்டாயமில்லை.

அப்புறம், உங்கள் கணவர். கேலி செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் கோபம் தெரியவில்லை. அவருக்கு அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது ஒரு படத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். படம் நன்றாகக் கேட்கிறது, ஆனால் திருப்பி ஒரு கேள்வி கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, டிவியில் அந்தப் படத்தைப் போட்டு அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பெட்டிக் காட்சியில் நிறுத்தி விஷயத்தைச் சொல்லுங்கள். சொன்னபின் மீதிப் படத்தையும் பாருங்கள். அவர் "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டாலும் கேட்கலாம். கேட்கட்டும். வாய்விட்டுச் சொன்னபின் விஷயம் எவ்வளவு பெரியது, எவ்வளவு சின்னது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மீதிப் படத்தில் ஒரு காட்சியைக் கவனிக்கச் சொல்வேன். கதாநாயகன் ஊர் தேடிப் போய் எதிரே நிற்கும்போது, பெட்டியோடு போனவன் கட்டிப் பிடித்து அழுவதில்லை, மன்னித்தேன் என்று சொல்வதும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, "திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறான். தியேட்டரில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்தக் காட்சியை எடுத்தவர் மேல் மரியாதை வந்தது. அவனுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதில் மாடு, வயல், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எல்லாம் இருக்கிறது. வந்தவனுடைய குற்ற உணர்ச்சியைத் தீர்த்து வைப்பது அவன் வேலை இல்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. தேடலாம், ஆனால் மன்னிப்பு வாங்கிக்கொண்டு வருவதற்காகப் போகாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கவே கூடாது. மாமியார், கணவர், பிள்ளைகள் முன்னால் "உன் படிப்பு நின்றதுக்கு நானும் காரணம்" என்று நீங்கள் அழுதால், அவள்தான் உங்களைத் தேற்ற வேண்டி வரும், நீங்கள் கிளம்பியபின் வீட்டாருக்கு விளக்கமும் சொல்ல வேண்டி வரும். படிப்பு நின்ற பெண் என்றால் வாழ்க்கையும் நின்றுபோயிருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டும் போகாதீர்கள். கடை நடத்திக்கொண்டிருக்கலாம், பஞ்சாயத்து மெம்பராக இருக்கலாம், தபால் வழியில் டிகிரி முடித்திருக்கலாம். தொலைநிலைக் கல்வி விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் நல்லெண்ணம் உங்களுக்கு வரக்கூடும், டீச்சர் ஆயிற்றே. தயவுசெய்து வேண்டாம். அவளாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குப் பரிகாரமாக வேறொரு பெண்ணைப் படிக்க வைக்கிறேன் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. பரிகாரமாகச் செய்யாதீர்கள். ஆனால் உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பெண்ணை மேலே அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தால், இன்று நீங்கள் போய்ச் சொல்கிற வார்த்தைக்கு மதிப்பு இருக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. பின்னால் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். பணம்தான் தடை என்று சொல்கிற தகப்பனாரிடம் பேச அது ஒரு பிடி.

உங்களுக்கு நல்ல தூக்கம் வருகிறது, வேலைக்குப் போகிறீர்கள், அதனால் எனக்குக் கவலை இல்லை. இருந்தாலும் இதைப் படிக்கிற வேறு சிலருக்காகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனசு கவிழ்ந்தே இருந்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால், படமும் நோட்டும் போதாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். நேரில் போக வேண்டுமானால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

தோழியின் எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். உங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப் ஏதாவது இருக்கும். அதில் பொதுவாகக் கேட்டு வைக்காதீர்கள், ஆளாளுக்குப் பழைய கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவளோடு தொடர்பில் இருக்கக்கூடிய ஒருத்தியிடம் தனியாக, "என் நம்பரை அவளிடம் கொடு, பேச இஷ்டமிருந்தால் கூப்பிடட்டும்" என்று சொல்லுங்கள். கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். கூப்பிட்டால் எடுத்தவுடன் மன்னிப்பு கேட்க வேண்டாம், அந்த நோட்டிலிருந்து தொடங்குங்கள். "உன் ரியல் அனாலிசிஸ் நோட்டை வச்சுத்தான் நான் பாஸ் பண்ணினேன், அதை உன்கிட்ட சொல்லவே இல்ல" என்றால் போதும். உண்மை, சுருக்கமாகவும் இருக்கும். கடிதத்துக்குப் பதில் எழுதாத பேச்சு அதற்குப் பின்னால் தானாக வரும். வராவிட்டால் இரண்டாவது மூன்றாவது பேச்சில் நீங்களே ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம். அவள் கூப்பிடவே இல்லை என்றால் மறுபடி ஆள் அனுப்பாதீர்கள். எண் அவளிடம் இருக்கிறது.